கழுதை சாகவில்லை

தவக்காலம் தொடங்கியது. ஈஸ்டர் வரைக்கும் என்று தெருவில் ஆளுக்கு ஒன்றை விட்டார்கள். ஒருவர் கறியை விட்டார், ஒருவர் வெற்றிலையை விட்டார். விடுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லாததால் நான் ஒரு சபதம் எடுத்தேன். கட்டில், மேசை, நாற்காலி நீங்கலாக, நாலு கால் உள்ள எதுவும் என் வீட்டுக்குள் நுழையாது!

என் பெயர் கிளாட்வின். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் காகிதம் பார்க்கிற வேலை. சபதத்துக்குக் காரணம் என் மனைவி விஜிலா. அடுத்த வீட்டு ஜெயசெல்வியின் நாய் குட்டி போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இவளுக்கு வேறு பேச்சே இல்லை.

"ஏங்க, ஒரு குட்டி எடுத்துக்கிடுவோமா?"

"எதுக்கு?"

"நம்ம மக ஷெர்லி பெங்களூருக்கு வேலைக்குப் போனதுலேருந்து வீட்ல சத்தமே இல்ல. பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு வேணும்லா?"

"அதான் நான் இருக்கேன்லா?"

"பதில் சொல்லுத ஆளு."

"ஏளா, நானும் நாயும் ஒண்ணா?"

"எப்படி ஒண்ணாவும்? நான், நாய். ஒரு எழுத்து வித்தியாசம் இருக்கே!"

நாய் என்றால் எனக்குப் பயம். ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. ஊரில் எனக்கு விலங்குப் பிரியர் என்று பெயர். முன்னறையில் கண்ணாடி அலமாரி. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். அத்தனையும் விலங்குகளைப் பற்றியவை. யானை, ஆமை, கழுதை, கடல்பசு, முத்துச்சிப்பி வரைக்கும் உண்டு. புத்தகத்தில் இருக்கிற விலங்கைப் போல உத்தமமான ஜீவன் உலகத்தில் கிடையாது. குரைக்காது. துரத்தாது. மூடினால் படுத்துக்கொள்ளும். தெருவில் இருப்பது அப்படியா? ஒருமுறை ஒரு பொமரேனியன் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. நான் பக்கத்தில் நின்ற உப்பு லாரியில் ஏறி முத்தையாபுரம் வரைக்கும் போய்விட்டேன்.

முடியாது என்றால் காரணம் கேட்பாள். அதனால் நூலாலேயே அவளைக் கட்டிப்போடத் திட்டமிட்டேன்.

"விஜிலா, பிராணி வளர்க்கது விளையாட்டு இல்ல. முதல்ல அறிவு வேணும். இந்தா, பத்து புத்தகம். எல்லாம் வாசி. நான் பரீட்சை வைப்பேன். பாஸானா யோசிப்போம்."

"யோசிப்பியளா, தருவியளா?"

"என் வாயால சரின்னு சொன்னா, சரி."

"உங்க வாயால சொன்னாப் போதும்லா?"

"போதும்."

அலமாரியிலேயே தடிமனான பத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். கழுதையைப் பற்றியது மட்டும் நானூற்று எழுபது பக்கம். விஜிலா வாசித்து நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தருகிற பங்குச் செய்தியும் மசாலா பாக்கெட்டின் முதுகும்தான். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவாள் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவள் தூங்கவில்லை. குழம்பு கொதிக்கும்போது யானை. துணி காயும்போது ஆமை. ஒருநாள் சாப்பாடு கேட்டேன். "பொறுங்க, கழுதைக்குப் பிரசவ வலி" என்றாள். அன்றைக்கு நானே தோசை சுட்டேன். அது ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் மாதிரி வந்தது.

இதற்கிடையில் வெள்ளத்துரை அண்ணாச்சி வந்தார். எங்கள் பகுதி வாசகர் வட்டத்தின் செயலாளர். 'எனக்குப் பிடித்த விலங்குப் புத்தகங்கள்' என்ற தலைப்பில், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நான் பேச வேண்டுமாம். எனக்குப் பெருமையில் காது மடல் சூடாகிவிட்டது. உடனே ஒத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் விஜிலா பத்து புத்தகத்தையும் மேசைமேல் அடுக்கினாள்.

"பரீட்சை வையுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "கடல்பசு என்னத்தத் தின்னும்?"

"கடல்புல்லு."

எனக்குத் தெரியாது. "ஏறக்குறைய சரி" என்றேன்.

"ஏறக்குறைய இல்ல. கடல்புல்லுதான். இப்ப நான் ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கழுதைப் புத்தகத்துல உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?"

"அதை ஏன் கேக்க! கடைசியில அந்தக் கழுதை செத்துப்போகுமே, அந்த இடம். அழுதுட்டேன்."

"கழுதை சாகலையே."

"சாகலையா?"

"கடைசி அத்தியாயத்துல குட்டி போடுது."

"ஆனந்தக் கண்ணீரைத்தான் சொன்னேன்."

"இருநூறாம் பக்கத்துக்குமேல தாளே பிரியாம ஒட்டிக் கெடந்துச்சு. நாந்தான் கத்திரிக்கோல் வச்சுப் பிரிச்சேன். கண்ணீரு எந்த வழியா உள்ள போச்சு?"

பத்தில் ஒன்பது புத்தகம் அப்படித்தானாம். வாசகர்களே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் பின்னட்டை வாசிப்பேன். பதிப்புரையில் முதல் பத்தி வாசிப்பேன். அட்டைப்படத்தை உற்றுப் பார்ப்பேன். இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம் வைத்திருக்கிறேன் என்றுதான் ஊரில் சொன்னேன். வாசித்தேன் என்று எங்கே சொன்னேன்? ஊராகவே நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா?

"அப்ப ஈஸ்டர் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை என்னத்தப் பேசப் போறிய?" என்றாள் விஜிலா.

நூறு பேர் வருவார்கள். என் ஆபீஸ் மேனேஜரும் வருகிறார். கழுதையை மேடையில் வைத்துக் கொன்றிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும். அந்தக் கப்பலுக்கும் நான்தான் காகிதம் பார்த்திருக்க வேண்டும்.

"விஜிலா, நீதான் காப்பாத்தணும். பேச்சை நீ எழுதிக் கொடு."

"எழுதுதேன்."

"பதிலுக்கு நாய் கேப்பியா?"

"நான் ஏன் கேக்கணும்? உங்க வாயால சொன்னாத்தான நாய்?"

இவ்வளவு நல்லவளையா சந்தேகப்பட்டோம் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஐந்து தாள் எழுதிக் கொடுத்தாள். குண்டு குண்டான எழுத்து. முதல் தாளை மட்டும் பார்த்தேன். பிரமாதம். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடையேறினேன். யானையில் கைதட்டினார்கள். ஆமையில் சிரித்தார்கள். கழுதை குட்டி போட்டபோது மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்தார். எனக்கே என் ஞானம் பிடித்துப்போனது. குரலில் ஏற்ற இறக்கம் சேர்த்து ஐந்தாவது தாளைப் புரட்டினேன்.

"நண்பர்களே! அலமாரிக்குள் பூட்டி வைக்கும் அன்பு அன்பாகுமா? ஆகாது! ஆகவே இந்த மேடையில், உங்கள் முன்னிலையில் அறிவிக்கிறேன். பக்கத்து வீட்டு ஜெயசெல்வி அவர்களின் நாய் ஈன்ற இரண்டு குட்டிகளை, இன்று முதல் என் பிள்ளைகளாக நான் வளர்ப்பேன்!"

வாய் சொல்லி முடித்த பிறகுதான் மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

அரங்கமே எழுந்து நின்றது. கடைசி வரிசையிலிருந்து ஜெயசெல்வி ஒரு கூடையோடு புறப்பட்டு வந்தாள். "அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்!" என்று இரண்டையும் என் இரண்டு கையிலும் வைத்தாள். ஒன்று என் மூக்கை நக்கியது. இன்னொன்று என் சட்டையை நனைத்தது. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். "பாருங்க, உருகிட்டார்!" என்று வெள்ளத்துரை அண்ணாச்சி மைக்கில் சொன்னார்.

வரும் வழியில் ஆட்டோவில் கேட்டேன். "ஒண்ணுதானளா கேட்ட?"

"ஒண்ணு தனியா இருந்தா ஏங்கிப்போகும்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கு."

"எந்தப் புத்தகத்துல?"

"வாசிச்சிருந்தாத் தெரியும்."

இப்போது வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. ஒரு குட்டி ஆமைப் புத்தகத்தை ஒரே நாளில் அட்டையோடு முடித்துவிட்டது. அந்த வேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. பயம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. லாரி வரைக்கும் போவதில்லை, நாற்காலியில் ஏறுவதோடு நின்றுவிடுகிறேன். விஜிலா மூன்று வேளையும் நேரத்துக்கு வைத்துவிடுகிறாள். முதலில் அவற்றுக்கு, பிறகு எனக்கு.

நேற்று வெள்ளத்துரை அண்ணாச்சி மறுபடி வந்தார். அடுத்த கூட்டத்தில் விஜிலா பேசுகிறாளாம். அழைப்பிதழை என்னிடம் கொடுத்தார். 'நான் வளர்க்கும் மூன்று ஜீவன்கள்' என்று தலைப்பு போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் நாய் இரண்டுதான்.