வாத்தியார் இல்லாத பாடம்

பயன்பாட்டுக் கணிதத்தில் நான்கு பகுதிகள். பரீட்சைக்கு எது வேண்டுமென்று ஒன்றுக்கு மட்டும் டிக் போட்டு, காலை மணியடிப்பதற்குள் பள்ளி அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். சிட்டு பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

கணக்கு அவளுக்குக் கஷ்டமில்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்க வரும் சொந்தங்கள்தான் கஷ்டம்.

"இயக்கவியல் எடு கண்ணு. அப்பா நான் இருக்கேன்ல?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா. ஈர்ப்பு விசையை விளக்குகிறேன் பேர்வழி என்று, போன வருஷம் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டை நிறுத்தி அரைமணி நேரம் பாடம் நடத்திய புண்ணியவான்.

"ஐயோ, எனக்குப் புள்ளியியல்தாம்பா!" அவசரமாக டிக் போட்டாள்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். "அடி என் தங்கமே! ஐம்பத்திரண்டு குழந்தைங்க எடை எனக்கு மனப்பாடம். சராசரி போடலாம் வா. முதல் குழந்தை மூணு கிலோ. மூக்கு சப்பை, ஆனா சிரிச்சா..."

"மூக்குக்கும் சராசரிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இருடி, அடுத்த குழந்தைக்கு வரேன்."

ஐம்பத்திரண்டு மூக்கு! சிட்டு அழித்துவிட்டு, "நேரியல் திட்டமிடல்!" என்று டிக் போட்டாள்.

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. பஸ் டெப்போவில் கால அட்டவணை போடும் மாமா, பாதிச் சவரத்தோடு நின்றார். "மருமகளே, அது நம்ம சமாச்சாரமாச்சே! இருபது பஸ், பதிமூணு டிரைவர். இன்னிலேர்ந்து நீதான் பிரிச்சுக் கொடுக்கறே."

"டெப்போ தாங்குமா மாமா?"

"நான் போட்டே தாங்குதே!"

அழித்து அழித்துப் படிவத்தில் ஓட்டை விழப் பார்த்தது. மிச்சம் ஒன்றுதான். சிட்டு டிக் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நிகழ்தகவு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா சவரக்கத்தியைப் பார்த்தார்.

"அது இங்க யாருக்கும் தெரியாதேடி!" என்றாள் அம்மா.

"பரவாயில்லம்மா. நானே படிச்சுக்கறேன்."

வாயெல்லாம் பல்லாக, கால் தரையில் பாவாமல் பள்ளிக்கு ஓடினாள் குழந்தை.

அலுவலகக் குமாஸ்தா அம்மாள் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "நிகழ்தகவா? அதுக்கு மாலை வகுப்பு உண்டும்மா. பெரியவங்களும் சேரலாம்."

"எனக்கு எங்க மேடம் இடம்?"

"முதல் பெஞ்சுல நடுவுல. இடது பக்கம் உங்கப்பா, வலது பக்கம் உங்கம்மா, பின்னாடி உங்க மாமா. மூணு பேரும் இப்பதான் போன் பண்ணிச் சேர்ந்தாங்க."