மூக்கு வண்டிக்கு வெள்ளை அடித்த கதை

கல்யாண வயசில் இருக்கிறவனுக்கு எதையாவது அழகுபடுத்தியே ஆக வேண்டும். மூஞ்சியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்தவன் தலைமுடியில் கை வைப்பான். அதுவும் கைகொடுக்காதவன் வண்டியில் கை வைப்பான். என் முடியைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நேராக வண்டிக்கே வந்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. மிலிட்டரிக்காரர்கள் ஓட்டித் தேய்த்துவிட்டு ஏலத்தில் தள்ளியதை நைனா வாங்கி வந்தார் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததால் ஜவ்வாது மலையில் அதற்கு மூக்கு வண்டி என்று பெயர். நைனா மலையில் பிறந்து, பிழைக்க இறங்கி, ஒடுகத்தூரில் கடை போட்டவர். மேலே போகும்போது உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போவோம். இறங்கும்போது புளி, சாமை, அதற்கு மேல் உட்கார இடம் கிடைத்த அத்தனை மனுஷர்களும் வருவார்கள்.

வண்டிக்கு மேக்கப் போடுகிற விஷயத்தில் நைனாவுக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவர் காலத்து ஃபேஷன் ரொம்ப சுருக்கம். பக்கத்துக்கு நாலு பலகை, கடையில் மீந்த பச்சை பெயிண்ட், நெற்றியில் குலசாமி பேர், பம்பரில் எலுமிச்சம்பழம். அவ்வளவுதான். அதன் பிறகு பின்பலகையில் படம் வரைகிற காலம் வந்தது. தாமரை வந்தது, மயில் வந்தது, பசுவும் கன்றும் வந்தது. எங்கள் வண்டியில் வரைந்த மயில் கோழி மாதிரி இருக்கும், அதைச் சொன்னால் நைனாவுக்குக் கோபம் வரும். அப்புறம் சிவப்பு ரெக்சின் சீட்டு, கண்ணாடி ஓரம் நைலான் குஞ்சம், பக்கத்துக்கு ரெண்டு கண்ணாடி (ஒன்று ரோட்டைப் பார்க்க, இன்னொன்று டிரைவர் தன்னைப் பார்த்துக்கொள்ள).

நான் ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பித்தபோது வேலூரில் அதெல்லாம் பழசாகிவிட்டது. படமே கூடாது, குஞ்சமே கூடாது. வண்டி முழுக்க வழவழவென்று ஒரே கலர், கதவில் மட்டும் கூராக ஒரு டிசைன். அதுதான் அப்போதைய ஸ்டைல். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு ஓரமாக அப்படி ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தவன், சோறு இறங்காமல் கிடந்தேன்.

அலமேலுவை நினைத்தும் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் என் மாமன் மகள். நெல்லிவாசல்நாட்டில், மண் ரோடு முடிகிற இடத்தில் அவர்கள் ஊர். புளி ஏற்றப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பேசினதில்லை. அவள் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பாள், நான் வாங்கி அடுக்குவேன், அதையே காதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பில் ஒருநாள் இடி விழுந்தது. மாமா அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். "தங்கச்சி, புதூர்நாட்டுல இருந்து கேக்கறாங்க. பையன் காட்டு இலாகாவுல வாட்சரு. வெள்ளிக்கிழமை தட்டு எடுத்துக்கினு வர்றாங்களாம். உன் புள்ளைக்கு வேணும்னா நீ முந்திக்க."

தட்டு என்றால் வெற்றிலை பாக்குத் தட்டு. எங்கள் ஜனத்தில் பெண் கேட்பது அதை வைத்துத்தான். ஊர்க்கவுண்டரும் மற்ற பெரிய ஆம்பளைகளும் வட்டமாக உட்கார்ந்து, பொழுது இறங்குவதற்குள் தட்டிலிருந்து ஆளுக்கொரு வெற்றிலை எடுக்க வேண்டும். எடுத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஊருக்குள் போன தட்டை யாரும் தொடாமல் திரும்பினால் அதுவும் முடிந்த மாதிரிதான், மறுபடி அந்தப் பெண்ணைக் கேட்க முடியாது.

மாமாவுக்குச் சொல்லி அனுப்பாமலே வியாழக்கிழமை போவதாக முடிவானது. சரி, வாயை மூடிக்கொண்டு போனோமா? எனக்கு அந்த வாட்சரின் காக்கி பேண்ட்டு கண்ணிலேயே நின்றது. அவனை அமுக்க வேண்டுமானால் வண்டி ஜொலிக்க வேண்டும் என்று பெயிண்டர் பாஷா பாயிடம் ஓடினேன்.

"பாய், ஒரே கலரா அடிக்கணும். கதவுல கூரா ஒரு டிசைன் போடணும். இன்னா இருக்குது உங்ககிட்ட?"

"வெள்ள நிறைய இருக்குது தம்பி. செவப்பும் இருக்குது," என்றார். அந்த வருஷம் முழுக்க அவர் ஊர் ஊராகப் போய் சர்க்காருக்குச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார், அதில் மீந்தது. "கூரா வேணும்னா நம்ம கை பழகின டிசைன் ஒண்ணு இருக்குது. கண்ண மூடிக்கினு போடுவேன். இப்ப எங்க பாத்தாலும் அதான்."

எங்கே பார்த்தாலும் அதுதான் என்றால் ஃபேஷன் என்றுதானே அர்த்தம்? போடச் சொன்னேன். வெள்ளை வெளேரென்ற வண்டி. ரெண்டு கதவிலும், கூர் கீழே பார்த்தமாதிரி, ரத்தச் சிவப்பில் ஒரு முக்கோணம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடச் சுவரில் தினமும் பார்த்த குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம், என் வண்டியில் ஏறியதும் எனக்கு அம்பு மாதிரி தெரிந்தது. வேகத்துக்கு அடையாளம் என்று நானே ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். அம்மா மட்டும் கதவருகே நின்று, "இத எங்கியோ பாத்திருக்கேன்டா," என்றாள்.

"எல்லா இடத்துலயும் இருக்கும்மா. அதான் ஸ்டைலு. நீ ஏறு."

நைனா முக்கோணத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மயில் போன துக்கத்தில் இருந்தார்.

இதோடு விட்டேனா? பந்தல்காரரிடமிருந்து ஒரு ரிக்கார்டு பிளேயரும் மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் வாங்கி வந்து, ஸ்பீக்கரை வண்டித் தலையில் கட்டினேன். நாதஸ்வர ரிக்கார்டு போடுவதாகத் திட்டம். மலை ரோட்டில் வண்டி குதித்த குதியில் ஊசி ரிக்கார்டில் நிற்கவில்லை. நைனா ஓட்டிக்கொண்டிருந்தார், என் கை சும்மா இருந்தது. ஊர் நெருங்கும்போது எனக்கு ஒரு கவலை வந்தது. ஆம்பளைகள் எல்லாரும் காட்டுக்குப் போயிருந்தால் வெற்றிலை யார் எடுப்பது? மைக்கைப் பிடித்தேன்.

"ஊர் பொதுமக்களே! நாங்க வந்துகிட்டே இருக்கோம்! ஆம்பளைங்க யாரும் காட்டுக்குப் போக வேணாம்! எல்லாரும் ஊர்லயே இருங்க! பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல! கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்!"

மலையில் குரல் எப்படிப் போகும் தெரியுமா? ஒரு முகட்டில் அடித்து இன்னொரு முகட்டில் திரும்பும். தூரத்தில் யாரோ கூவினார்கள். அதற்குப் பதில் இன்னொரு கூவல். கரம்பு நிலத்தில் நாலைந்து பேர் தலைதெறிக்க ஓடுவது தெரிந்தது. "வரவேற்க ஓடறாங்க நைனா!" என்று பூரித்துப்போனேன்.

ஊருக்குள் நுழைந்தோம். ஆடுகள் இருந்தன, நாய்கள் இருந்தன, பெண்கள் இருந்தார்கள். ஆம்பளை என்று பார்த்தால் நானும் நைனாவும்தான். நான் கூலிங் கிளாஸும் பெல்பாட்டமுமாக ஃபுட்போர்டில் நின்றிருந்தேன். என் அத்தை, அதாவது அலமேலுவின் அம்மா, கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். கூலிங் கிளாஸில் என்னை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த நைனாவை அவள் பார்க்கவே இல்லை.

"எங்க ஊர்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்க," என்றாள்.

"எங்க போய்ட்டாங்க?" என்றேன்.

"எல்லாரும் செத்துட்டாங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா காதில் இது விழுந்தது. "ஐயோ, எங்க அண்ணன் எப்ப செத்தான்? எனக்கு ஆள் அனுப்பக்கூடாதா?" என்று மாரில் அடித்துக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தாள். தட்டு என் கைக்கு வந்தது. அம்மா ஒப்பாரியில் ரெண்டு அடி பாடி முடித்த பிறகுதான் அத்தைக்குக் குரல் புரிந்தது.

"அட கடவுளே, நம்ம நாத்தனாரு! எம்மா, அழாத! உங்க அண்ணன் குத்துக்கல்லு மாதிரி இருக்கறாரு. மேல பாறை மறைவுல உக்காந்துக்கினு இருக்கறாரு!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அது எமர்ஜென்சி சமயம். அடிவாரத்து ஊர்களில் வெள்ளை வண்டியில் வந்து, மைக்கில் கூப்பிட்டு, ஆம்பளைகளை ஆபரேஷனுக்கு ஏற்றிப்போவதாகச் சேதி மலை ஏறியிருந்தது. முக்கோண வண்டியைப் பார்த்தால் மலை உச்சிக்குப் போய்விட வேண்டும், பொண்டாட்டியே கூப்பிட்டாலும் வரக்கூடாது, வண்டி மலை இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வர வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் சட்டம் போட்டிருந்தார். உச்சிக்கு முதலில் ஓடினவரும் அவர்தானாம்.

அத்தை கூப்பிட்டுப் பார்த்தாள். அம்மா கூப்பிட்டாள். நான் மைக்கில் கூப்பிட்டேன், பாறை மேல் தெரிந்த ரெண்டு தலையும் மறைந்துவிட்டது. "நீ வாயத் தொறக்காத," என்று நைனா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். வண்டி மலை இறங்கி மறைந்து, அவர்கள் உச்சியிலிருந்து வருவதற்குள் பொழுது விழுந்துவிடும். மறுநாள் காலையில் வாட்சர் வந்துவிடுவான். தட்டைப் பிடித்துக்கொண்டு நடு ஊரில் நின்றேன். வெற்றிலை வெயிலில் வாட ஆரம்பித்திருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூலிங் கிளாஸைக் கழற்றாமல் சமாளித்தேன்.

அப்போது அலமேலு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். வாசல் மெழுகக் கரைத்து வைத்திருந்த சாணி வாளி அவள் இடுப்பில் இருந்தது. தட்டு எடுக்கிற அன்றைக்குப் பெண் வெளியே வரக்கூடாது, வந்தாலும் பேசக்கூடாது. அவள் நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இந்த வெள்ளயும் இந்தக் குறியும் இருக்கிற வரைக்கும் எங்கப்பா இறங்க மாட்டாரு," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சாணி அடிச்சிடட்டுமா மாமா?"

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. உடனே "அடி" என்று சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாகப் பிறந்த எவனும் சொல்லியிருப்பான். நான் வண்டியைப் பார்த்தேன். வழவழவென்று சாயங்கால வெயிலில் பால் மாதிரி நின்றது. அவளைப் பார்த்தேன். மறுபடியும் வண்டியைப் பார்த்தேன்.

"இன்னாடா யோசிக்கிற, பாவி!" என்று நைனா கத்தினார்.

"அடி," என்றேன்.

முதல் கை அவள்தான் வீசினாள். முக்கோணத்தின் மேல் சொத்தென்று விழுந்தது. அடுத்து நான் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாளியில் கை விட்டேன். அத்தை வந்தாள், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள், சுவர் மெழுகிப் பழகின கை, ஒரு இடம் விடாமல் வழித்துவிட்டார்கள். என் பெல்பாட்டமும் தப்பவில்லை. ஒரு சமயம் பானெட்டின் இந்தப்பக்கம் நானும் அந்தப்பக்கம் அவளுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்போது வண்டி போன வருத்தமே இல்லை. இந்த வேலை முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மாமா முதலில் இறங்கி வந்தார். சர்க்கார்க்காரன் எவனும் தன் வண்டிக்குத் தானே சாணி பூச மாட்டான் என்று மேலே பேசி முடிவெடுத்தார்களாம். கவுண்டர் கடைசியாக வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார், குனிந்து அடியில் பார்த்தார், சீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள டாக்டரு யாரும் இல்லியே?"

"இல்லீங்க."

"கத்தி கித்தி?"

"பாக்கு வெட்டற கத்திதாங்க."

அதையும் வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்தார். பொழுது மலை விளிம்பில் உட்கார்ந்திருக்கும்போது முதல் வெற்றிலையை எடுத்தார். அவர் எடுத்ததும் நான் எழுந்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அதை வெட்கம் என்று அத்தை எல்லாரிடமும் சொன்னாள்.

சாணி காய்ந்து, பழுப்பும் பச்சையுமாக ஒரு தினுசாகத்தான் வண்டி ஒடுகத்தூருக்குத் திரும்பியது. அதன் பிறகு மலை ஜனம் வெள்ளை வண்டி எதிலும் ஏறவில்லை. சாணிக் கலர் வண்டிதான் நம்பிக்கையான வண்டி என்று பேச்சு பரவி, மலை ரூட்டில் ஓட்டுகிற மற்றவர்களும் பாஷா பாயிடம் போய் அந்தக் கலரையே கேட்டார்கள். அவர் ஏதேதோ கலந்து அடித்துக் கொடுத்தார். கலர் பல்பும் டேப் ரிக்கார்டரும் வந்து அதை ஒழிக்கிற வரைக்கும் அதுதான் எங்கள் மலையின் ஃபேஷன். நைனாவுக்கு மயிலும் திரும்பக் கிடைத்தது.

எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். முக்கோணம் போட்ட வண்டியில் வந்தவர் கணக்கைப் பார் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள், அது பரவாயில்லை. அலமேலு சொல்வதுதான் தாங்காது. புடவைக் கடையில் நான் ஒரு நிமிஷம் தயங்கினால் போதும். "உங்கப்பா யோசிக்கிறாரு பாரு. என்னியா வண்டியான்னு கேட்டப்பவே யோசிச்ச ஆளு." பிள்ளைகள், மருமகள்கள், பேரன்கள் எல்லாருக்கும் இது பாடம்.

போன தை மாசம் கடைசிப் பையன் கல்யாணம். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளைக் காரை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக் கார், கதவில் சின்னதாக ஒரு சிவப்பு ரோஜாக் கொத்து, வேறு ஒன்றுமில்லை. அலமேலு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம வண்டி இத விட நல்லா இருந்துச்சு மாமா," என்றாள்.

"எது?"

"அந்த வெள்ள வண்டி. வளைவுல திரும்பி வந்துச்சு பாருங்க, அவ்ளோ அழகா ஒண்ண நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல. சாணிய கையில எடுத்துட்டேன், வீச மனசே வரல. நானும்தான் யோசிச்சேன்."

"அடிப்பாவி, இத்தன வருஷமா என்ன ஓட்டினியே. அன்னிக்கே இத சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் முந்தானையால் என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டாள்.

"சொல்லியிருந்தா நீங்க அடிக்க வுட்டிருப்பீங்களா?"