குடலுக்குள் ஒரு சுரங்கம்

சென்ற சித்திரையில் நெய்வேலியில் புதிதாக ஒரு சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதக் குடலுக்குள். நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. போராட்டமும் இல்லை. வாயைத் திறந்தால் போதும்.

கண்டுபிடித்தவர் குடலொளி சித்தர். இயற்பெயர் இளவழகன். இரண்டு வருடம் முன்பு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகத் தண்ணீர் ஃபில்டர் விற்றவர். அப்போது பாதிப் பேர் கதவே திறக்கவில்லை. இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கே கல்யாண மண்டபத்து வாசலில் வரிசை.

அவருடைய தத்துவம் எளிது. சுரங்கத்தில் வேலை பார்த்தவன் தினமும் கரித்தூள் விழுங்குகிறான். அது குடலில் படிந்து பாறையாகிறது. பாறை முன்பக்கம் அழுத்துகிறது. புராஸ்டேட் கெடுகிறது. மகனுக்கு பர்மனென்ட் வேலை கிடைக்காததற்கும் அந்தப் பாறைதான் காரணம் என்று ஒரு ஞாயிறு சொன்னார். கைதட்டினார்கள்.

மருந்து, ஏழு நாளுக்கு ஏழு பாட்டில். கருப்பட்டி வாசமடிக்கும் கெட்டிக் கஷாயம். குடித்த மறுநாள் கழிவறையில் பார்த்தால் கன்னங்கரேல். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"எனுக்கு நேத்து வந்தது பாரு, தாரு மாதிரி!" என்றார் டீக்கடையில் சிங்காரவேலு. கம்மாபுரத்துக்காரர். கான்ட்ராக்ட் தொழிலாளி.

"நீ மைன்ஸுக்கு வந்தே ரெண்டு வருஷம்தானய்யா?" என்றார் டீ ஆற்றியவர்.

"கான்ட்ராக்ட்டுக்கே இம்மாம்னா, பர்மனென்ட்டு ஆளுங்க எவ்ளோ வச்சிக்கினு இருப்பாங்க!"

அந்தப் பேச்சைக் கேட்டுக் கவலைப்பட்டவர் மாடசாமி. முப்பத்திரண்டு வருடம் சுரங்கத்தில் எக்ஸ்கவேட்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். புராஸ்டேட்டில் புற்று. ஆரம்ப நிலைதான், எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி, டாக்டர் வியாழக்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார். கூடவே ஒரு தாள். இரண்டு நாள் முன்பிருந்து குழைந்த சாதம், ரசம். கீரை, கிழங்கு, கொட்டை வேண்டாம். முந்தின நாள் வடித்த கஞ்சித் தண்ணீரும் இளநீரும் மட்டும். சாயங்காலம் எனிமா.

மாடசாமி அந்தத் தாளைச் சித்தரிடம் காட்டினார். சித்தர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தீங்களா! குடலைச் சுத்தம் பண்ணுன்னு டாக்டரே எழுதியிருக்காரு. எதுக்கு? உள்ள கரி இருக்குன்னு அவருக்கும் தெரியும். வெளில சொன்னா பொழப்பு போயிடும். ஏழு பாட்டில் முடிங்க. அப்புறம் அறுக்க என்ன இருக்கு?"

மாடசாமி வீட்டுக்கு வந்து ஆபரேஷன் இல்லை என்று அறிவித்தார். முதல் பாட்டிலைக் குடித்தார். மறுநாள் காலை மனைவி சந்திராவைக் கழிவறைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்பது வருட தாம்பத்தியத்தில் இப்படி ஓர் அழைப்பு அதுவே முதல் முறை.

சந்திரா எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது முப்பத்திரண்டு வருஷமா உள்ள அடைச்சுக்கிட்டு இருந்துச்சாக்கும்?"

"ஆமா."

"அப்ப நேத்து வரைக்கும் நீங்க சாப்பிட்டதெல்லாம் எந்த வழியா வெளிய போச்சு?"

மாடசாமி மனதுக்குள் கணக்குப் போட்டார், உதைத்தது. ஆகவே கோபப்பட்டார்.

சந்திரா கோபப்படவில்லை. இரண்டாவது பாட்டிலைத் திறந்து பாதியைத் தாமே குடித்தார். அடுத்த நாள் காலை கணவரைக் கூப்பிட்டார். இந்த அழைப்பும் முதல் முறை. அங்கேயும் கன்னங்கரேல்.

அன்று ஞாயிறு. மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் குங்குமம் வைத்த ஒரு சுரங்கத்துக் கரிக்கட்டி. அதற்குப் பின்னால் சித்தர். சந்திரா ஒரு பெரிய கட்டைப்பையோடு எழுந்தார்.

"சாமி, நான் ஒருநாளும் மைன்ஸுக்குள்ள போனதில்ல. எனக்கும் கருப்பாத்தான் வருது."

சித்தர் சிரித்தார். "வீட்டுக்காரர் யூனிஃபார்மை யாரு தொவச்சதும்மா?"

"நான்தான்."

"ஏறிடிச்சு!"

கைதட்டல். சந்திரா அது அடங்கும்வரை நின்றார். பிறகு மேடையேறி, சீல் உடைக்காத பாட்டில் ஒன்றை எடுத்தார். பையிலிருந்து சிறு வாளியும் வெள்ளை வேட்டியும் வெளிவந்தன. கஷாயத்தை வேட்டி வழியாக வடித்தார். இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி அலசினார். கருப்பட்டி போயிற்று. துணியில் ஒரு பிடி கருந்தூள் தங்கியது.

வேட்டியை விரித்துக் காட்டினார்.

"இந்த வேட்டிக்கு எந்த மைன்ஸ்ல வேலை, சாமி?"

மண்டபம் குலுங்கியது. சித்தர் கையை உயர்த்தினார்.

"சிரிக்காதீங்க. அது உங்க சுரங்கத்துக் கரியேதான். புடம் போட்டது. கரியைக் கரிதான் இழுக்கும்!"

கூட்டம் யோசித்தது. யோசித்தது என்பது மரியாதைக்காகச் சொல்வது. சிலர் மறுபடி கைதட்டத் தயாரானார்கள்.

அப்போது மாடசாமி எழுந்து வந்தார். தூளை விரலில் தொட்டுப் பார்த்தார். மேடையிலிருந்த கரிக்கட்டியை எடுத்து, குங்குமத்தைத் துடைத்துவிட்டு, வேட்டியில் அழுத்தித் தேய்த்தார். பழுப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் தூள், மை போல.

"யோவ், எங்க கரி பழுப்பு. முப்பத்திரண்டு வருஷம் என் துண்டு, பனியன், எச்சில் எல்லாம் பழுப்பு. இது எங்க கரி இல்ல."

அந்த மண்டபத்தில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. பழுப்பு நிலக்கரியில் சோறு தின்றவர்கள், கழிவறையில் கறுப்பைப் பார்த்துக் கும்பிட்டிருந்தார்கள்.

சிங்காரவேலு முண்டியடித்து வந்து தூளைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, எங்க வூட்டு ஃபில்டர் உள்ள கெடக்குற கரிங்க! நீதானய்யா வித்தே!"

சித்தர் அவசரமாகக் கழிவறைக்குப் போனார். ஜன்னல் சிறியது. ஆனாலும் அது வழியாகவே தப்பிப் போயிருக்கிறார்.

மாடசாமி தாளில் உள்ளபடி குழைந்த சாதம் தின்றார், கஞ்சித் தண்ணீர் குடித்தார். புதன்கிழமை சாயங்காலம் நர்ஸ் வளர்மதியிடம் பாட்டில் விஷயத்தையும் ஒப்புக்கொண்டார்.

"கருப்பா போனா டாக்டர்கிட்ட சொல்லணுங்க. டீக்கடையில இல்ல" என்றார் நர்ஸ்.

எனிமா முடிந்தது. மாடசாமி மெதுவாகக் கேட்டார். "முப்பத்திரண்டு வருஷத்துது ஏதும்...?"

"நேத்து சாப்பிட்ட ரசம்தாங்க வந்துச்சு. பக்கத்துல கத்தி வைக்கப் போறாங்க, அதனால குடல் காலியா இருக்கணும். அவ்ளோதான்."

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

மண்டபத்தில் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மூட்டுவலிக்குச் சாம்பல் சித்தர் வருகிறாராம். போகிறவர்கள் ஒரு வெள்ளைத் துணி எடுத்துப் போங்கள். டாக்டர் காலியாக வைக்கச் சொன்னது குடலைத்தான். தலையை அல்ல.