பானகம் ஊற்றி அணைத்த தீ

புதுமாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருக்கவே கூடாது. இந்த எழுதாத சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நான் ஜமுனாமரத்தூரில் வாடகை வீட்டைக் கொளுத்தினேன். (முழு வீட்டை அல்ல. சுவிட்ச் போர்டையும் அதற்கு மேலே ஒரு முழம் சுவரையும்.)

எழுபதுகளின் கடைசி. அங்கே எனக்கு அரசாங்க உத்தியோகம். "மலைமேல என் பொண்ணு எப்டிக் குப்ப கொட்டுவா?" என்று கல்யாணத்துக்கு முன்பே முனகிய மாமனார், முதல்முறையாகப் போளூரிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறார். வசதிப்படாவிட்டால் மகளைக் கையோடு கூட்டிப் போய்விடுவதாகச் சொல்லியும் அனுப்பியிருந்தார்.

அவர் முன்னால் கசங்காத சட்டையில் நிற்க ஆசைப்பட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். ஃபியூஸ் போனது. அடிக்கடி போகிற சனியன். மெல்லிய ஃபியூஸ் கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பந்தல் போடும் கட்டுக்கம்பியை முறுக்கி மாட்டினேன். "இனி ஜென்மத்துக்கும் போகாது" என்று என் மனைவி செல்வியிடம் பீற்றிக்கொண்டேன். உண்மைதான், ஃபியூஸ் போகவில்லை. போர்டுதான் பற்றிக்கொண்டது.

செல்வி பாய்ந்து போய் மெயினை அணைத்தாள். நான் கைக்குக் கிடைத்த குண்டானைத் தூக்கி அப்படியே ஊற்றினேன். தீ அணைந்தது. குண்டானில் இருந்தது, பஸ்ஸில் களைத்து வரும் அப்பாவுக்காக அவள் புளியும் வெல்லமும் கரைத்து வைத்திருந்த பானகம்.

கரி பிடித்த இடத்துக்கு மட்டும் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்தேன். பழுப்புச் சுவரில் அது பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. கருகிய போர்டையும் சேர்த்து மறைக்க, பெரிய முருகன் காலண்டரை மாட்டினேன்.

மாமனார் வந்தார். "இன்னா மாப்ள, கரண்டு இல்லியா?"

"மலையில அப்படித்தான் மாமா. ஊருக்கே இல்ல."

எதிர்த்த மாவு மில் அந்த நேரம் பார்த்து ஓடத் தொடங்கியது. (டீசல் மில் என்று புளுகியிருக்கலாம். தோன்றவில்லை.)

முருகனைக் கும்பிடப் போனவர் அப்படியே நின்றார். எறும்புகள் சாரை சாரையாகச் சுவரேறி, காலண்டருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"இன்னாம்மா இது, சாமிக்குப் பின்னால படையல் வெச்சிக்கிறீங்களா?" என்று காலண்டரைத் தூக்கினார்.

சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பொட்டிய எடு கண்ணு. கெளம்பு."

செல்வி இல்லாமல் அங்கே ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. காலண்டரை அவர் கையிலிருந்து வாங்கி, திரும்ப அதே ஆணியில் மாட்டினேன்.

"நான் வர்ல நைனா," என்றாள் செல்வி. "மெயின அணைக்க ஆளில்லாம இவர வுட்டுட்டு வந்தா மலையே எரிஞ்சிபூடும். போளூருக்கே பொக வரும்."

மாமனார் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, குடிக்க இன்னா கீது?" என்றார்.

"எல்லாம் செவுத்துலதான் கீது நைனா."

பின்னாளில் நாங்கள் போளூரில் சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, மாமனார் சீர்வரிசையோடு ஒரு குண்டான் பானகமும் கொண்டுவந்து, நேராக மெயின் போர்டுக்குக் கீழே வைத்தார். சொந்தபந்தம் எல்லாம் பார்த்துச் சிரித்தது. இப்போது அவர் இல்லை. ஆனாலும் நான் திருப்புளியைக் கையில் எடுத்தால் போதும், என் மகள் அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பாள்:

"யம்மா, புளிய ஊற வெய்!"