பூட்டில்லாத இதழின் திறப்பு விழா

ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில் இந்தோனேசியாவில், எங்கள் மக்காசார் நகரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. எங்கள் கடலியல் துறை இணையத்தில் நடத்திவந்த சின்ன இதழ் அப்படித்தான் திறந்து கிடந்தது. அதை மூடவும் முடியும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இதழின் ஆசிரியை இபு ஹஸ்னிதார்; எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக இபு என்றும், ஆண்களை பாக் என்றும் அழைப்போம். கடல்பாசிக்கு வரும் வெளுப்பு நோயைப் பற்றியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். வெயில் காலத்தில் கடல்நீர் சூடானதும் பாசி வெள்ளைவெளேரென்று ஆகி, கட்டி வளர்க்கும் கயிற்றிலிருந்து கழன்று விழுந்துவிடும். தக்காலார் கரையில் பாசி வளர்ப்பவர்கள் அவர் எழுதுவதைப் படகிலிருந்தபடியே ஃபோனில் படிப்பார்கள். புரியாவிட்டால் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அந்த வருடம் அவர் அந்த நோய்க்கு ஒரு தீர்வே கண்டுபிடித்து, கட்டுரையும் எழுதி முடித்து, இதழில் வெளியிடவிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஆய்வு வெளியீட்டைத் திறந்ததாகவும் நியாயமானதாகவும் ஆக்குவதற்கான பன்னாட்டு ஒத்துழைப்பு மன்றம் எங்கள் ஊருக்கு வருகை தந்தது. மன்றத்தின் சான்றிதழ் இல்லாத இதழ்கள் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து நீக்கப்படும் என்று மேலிடத்து உத்தரவு. மன்றத்தின் சார்பில் டாக்டர் ஃபெர்ஹாகன் வந்தார். நல்ல மனிதர். எங்கள் மொழியை எங்களைவிடத் திருத்தமாகப் பேசினார்.

"உங்க இதழை யார் வேணும்னாலும் படிக்கலாமா?" என்று கேட்டார்.

"படிக்கலாம்," என்றார் ஹஸ்னிதார்.

"ரொம்ப சந்தோஷம். அதுக்கு முன்னால எவ்வளவு காலம் மூடியிருந்துச்சு?"

"மூடினதே இல்லையே பாக்."

ஃபெர்ஹாகன் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "நாங்க திறப்புக்குத்தான் சான்று தர்றோம் இபு. மூடாத ஒண்ணைத் திறந்துட்டாங்கன்னு நான் எப்படிக் கையெழுத்து போடுறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

அதற்குள் எங்கள் துறைத் தலைவர் பாக் முக்லிஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "மூடிடலாம் பாக்! இதுக்கா கவலைப்படுறீங்க? நாளைக்கே மூடிடலாம்."

ஹஸ்னிதாரின் புதுக் கட்டுரையையும் உள்ளே வைத்து மறுநாளே மூடினோம். இதழுக்கு அருமையான பூட்டு போட்டுக் கொடுத்தார்கள். திறவுசொல் யாரிடம் இருக்க வேண்டும் என்று ஒரு கேள்வி எழுந்தது. ஆசிரியையிடம் என்றேன் நான்.

ஃபெர்ஹாகன் என்னைக் கனிவோடு பார்த்தார். "திறப்பு பாதிதான். நியாயம்னு இன்னொரு பாதி இருக்கு. இவங்க மட்டும் படிச்சு மத்தவங்க படிக்கலைன்னா அது நியாயமா?"

ஆகவே திறவுசொல் யாருக்கும் தரப்படவில்லை. எழுதியவரும் எழுதாதவரும், படித்தவரும் படிக்காதவரும் எங்கள் இதழின் முன் சரிசமமாக நின்றோம். இத்தகைய சமத்துவத்தை வேறெந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று மன்றம் பாராட்டியது.

வெயில் காலம் மட்டும் சான்றிதழுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு காலை டாயெங் சிக்கி தக்காலாரிலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு வந்து நின்றார். பாசிக்காரர்களில் மூத்தவர், உரக்கப் பேசித்தான் பழக்கம்.

"என்ன இபு இது? பாசி வெளுக்குது. உங்க இதழைத் திறந்தா பூட்டுப் படம் வருது. நாங்க என்ன திருடனுங்களா?"

"இல்ல டாயெங், அது திறக்கறதுக்காகப் பூட்டியிருக்கு."

"என்னது?"

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

"சரி, எழுதினது நீங்கதானே? வாயைத் திறந்து சொல்லுங்க."

ஹஸ்னிதார் வாயைத் திறந்தார். பாக் முக்லிஸ் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார். "சொல்லாதீங்க இபு! வாயால சொன்னா அதுவும் வெளியீடுதான். சான்றிதழ் போயிடும். இதழே போயிடும்!"

டாயெங் சிக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கடலுக்கு வெயில் பிடிச்சா நீங்க ஏன் இப்படி ஆயிடுறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் ஹஸ்னிதார் வகுப்புக்கு வரவில்லை. நான் தேடிக்கொண்டு தக்காலார் போனேன். மனுஷி இடுப்பளவு தண்ணீரில், வாயை இறுக மூடிக்கொண்டு, டாயெங் சிக்கியின் பாசிக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஆழத்தில் இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதுதான் தீர்வு. மேலே நீர் சூடு, கீழே குளிர்ச்சி. கரையில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக இறங்கித் தங்கள் கயிறுகளையும் இறக்கினார்கள். கரையேறும்போது ஹஸ்னிதார் கண்கள் சிவந்திருந்தன. உப்புத் தண்ணீர் என்றார்.

பாசி பிழைத்தது.

இதழின் திறப்பு விழா லோசாரிக் கடற்கரை ஓட்டலில் நடந்தது. பாக் முக்லிஸ் ரிப்பன் வெட்டினார். பூட்டியிருந்த காலத்தில் ஒருவர்கூடப் படிக்காத இதழை இனி உலகமே படிக்கும் என்றும், இது மன்றத்தின் வரலாறு காணாத முன்னேற்றம் என்றும் ஃபெர்ஹாகன் அறிவித்தார். பயனாளிகள் சார்பில் பேச டாயெங் சிக்கியை மேடையேற்றினார்கள். அவரும் உள்ளதைச் சொன்னார்.

"கட்டுரையெல்லாம் நாங்க படிக்கலைங்க. கயிறை இறக்கிக் கட்டினோம், பாசி பிழைச்சிச்சு. எங்க கடல்ல நாங்க கண்ணால பார்த்துக் கத்துக்கிட்டது."

ஃபெர்ஹாகன் எழுந்து நின்றுவிட்டார். "அப்படின்னா இது மக்களோட மரபு அறிவு! இதை எப்படி யாரோ தன் பேர்ல எழுதலாம்?"

"பாக், அந்தக் கயிறை அவிழ்த்ததே..." என்று ஆரம்பித்தார் ஹஸ்னிதார்.

"பேசாதீங்க இபு," என்றார் பாக் முக்லிஸ், பழக்க தோஷத்தில்.

திறந்த அதே மேடையிலேயே அந்தக் கட்டுரை மட்டும் நியாயம் கருதி மறுபடி பூட்டப்பட்டது. தக்காலார் மரபு அறிவுப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக டாயெங் சிக்கி நியமிக்கப்பட்டார். மாலை போட்டு, மேல்துண்டு ஒன்றும் கொடுத்தார்கள். முதலில் கூச்சப்பட்டார். பிறகு பழகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஹஸ்னிதார் தன் கட்டுரையை வெளியிட அனுமதி கேட்டு அவரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"எழுதிக் கொடுங்க இபு," என்றார் டாயெங் சிக்கி. "குழு கூடிப் பரிசீலிக்கும். உங்களுக்குன்னு தனிச் சலுகை காட்டினா நியாயமா இருக்காதுல்ல?"

ஹஸ்னிதார் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பக்கத்து ஜெனெபோந்தோ கரைக்காரர்கள் படகில் வந்துவிட்டார்கள். அவர்கள் பாசியும் வெளுக்கிறதாம். "என்ன செஞ்சீங்க டாயெங், கொஞ்சம் காட்டுங்க," என்று தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

டாயெங் சிக்கி மேல்துண்டோடு கடலில் குதித்தார். மரபு அறிவு களவு போய்விடாமலிருக்க, ஆழத்தில் கிடந்த கயிறுகளையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கட்டினார். அவர் ஆட்களும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். மாலைக்குள் வேலை முடிந்தது.

இப்போது இரண்டு கரையிலும் பாசி ஒரே மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. இந்தச் சமத்துவத்தை நேரில் பார்த்துப் பாராட்ட அடுத்த மாதம் மன்றத்திலிருந்து ஒரு குழு வருகிறது. வரவேற்புரை என்னுடையது.