கொரியாப் படங்கள் குறித்து மாமா எழுதிய கண்டனம்

சங்கரன்கோவில்,
நந்தன வருஷம் ஆவணி மாதம் 12-ந் தேதி.

கொரியா தேசத்தில் இந்திய ஆம்புலன்ஸ் படையில் சேவகம் பார்த்துவரும் என் சகோதரி குமாரன் சிரஞ்சீவி தில்லைநாயகத்துக்கு, சங்கரன்கோவில் ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதிவரும் உன் தாய்மாமன் சங்கரநயினார், கோமதியம்மன் கிருபையை முன்னிட்டு ஆசீர்வதித்து, முழு மனசோடும் சுயபுத்தியோடும் எழுதிக்கொண்ட கடிதம் என்னவென்றால்: இங்கே யாவரும் க்ஷேமம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். உண்மையில் இந்த வீட்டில் ஒருத்தரும் க்ஷேமமாக இல்லை. காரணம் நீ மாசாமாசம் எழுதி அனுப்புகிற கொரியா சினிமாக் கதைகள்.

மார்கழிக்குள் உன்னை ஊருக்கு விட்டுவிடுவார்கள் என்றும், தை மாசம் உனக்கும் என் மகள் சண்முகசுந்தரிக்கும் முகூர்த்தம் வைக்க மாமாவுக்குச் சம்மதமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறாய். சம்மதம் இல்லை. முறைப்பையன் என்கிற பாத்தியதையை நான் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கார் சம்பளம் கொடுத்து, கப்பல் ஏற்றி, கடல் தாண்டி அனுப்பினால், அங்கே ஸ்டோர் ரூமில் பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுக்கிற சுகமான வேலையில் உட்கார்ந்துகொண்டு, பொழுதெல்லாம் படக் கொட்டகையில் கிடக்கிற பயலுக்கு என் பெண்ணைக் கொடுப்பதற்கில்லை. சிவகிரியில் கிராம முன்சீப் மகன் ஒருவன் இருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அவன் இதுவரை ஒரு படம்கூடப் பார்த்ததில்லையாம். அதுவும் ஒரு குறைதான். ஆனாலும் மட்டமான ரசனை இருப்பதைவிட ரசனையே இல்லாதது தேவலை.

படம் பார்ப்பதை நான் குற்றம் சொல்வதாக நினைக்காதே. இந்தக் கஸ்பாவில் ஊமைப் படம் ஓடின நாளிலிருந்து ஒரு படம் விடாமல் பார்த்து வருகிறவன் நான். டூரிங் டாக்கீஸ்காரன் யாகூப் புதுப் பெட்டி வந்தால் முதலில் என்னிடம்தான் அபிப்பிராயம் கேட்பான். பாட்டுப் புஸ்தகம் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். உன் அத்தை பிச்சம்மாள் என்ன சொல்லுதா தெரியுமா? "நம்ம கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலமே என்னைப் பொம்பளையாட்களோட விட்டுட்டுப் படம் பாக்கப் போனவங்கதானே நீங்க? தில்லைக்குப் பேச வந்துட்டாங்க!" என்கிறாள். வாஸ்தவம்தான், போனேன். ஆனால் அது நல்ல படம். நீ பார்க்கிறது எல்லாம் படமா? ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன், கேள்.

முதலில் கார்த்திகை மாசம் எழுதினாயே ஒரு காதல் படம். புதுசாகக் கல்யாணமான ஜோடி, ஊரைவிட்டு ஓடுகிற ஜனங்களோடு ரயில் கூரைமேல் ஏறப் பார்க்கிறார்கள். புருஷன் ஏறிவிட்டான், பெண்டாட்டி கையை எட்டிப் பிடிக்கிறான், ரயில் நகர்ந்துவிட்டது, கை நழுவிவிட்டது. அவள் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிற ஒரு ஆள் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறான், வாங்க மாட்டேன் என்கிறாள். சுபம். என்னவே இது? ஒரு பாட்டு உண்டா? பிரிஞ்சவங்க ஆளுக்கொரு சோகப் பாட்டுப் பாடி, ஆளுக்கொரு ஊர்ல அலைஞ்சு, கடைசி ரீல்ல ஒரு கோயில் திருவிழாவுல மோதிக்கிட வேண்டாமா? பாதிப் படத்தோட பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்கான், நீயும் வாயைப் பொளந்து பாத்துட்டு வந்திருக்கே! வழக்கம்போல நான் அந்தக் கடுதாசியை வீட்டிலே எல்லாரையும் உட்கார வைத்து உரக்க வாசித்தேன். மேலநீலிதநல்லூரிலிருந்து உன் அம்மாவும் வந்திருந்தாள். நெல்லையம்மா அக்கா, "அந்தப் புள்ளை அன்னிக்குச் சாப்பிட்டுச்சாமா?" என்று கேட்கிறாள். உன் அத்தை அடுப்படியில் போய் அழுதுவிட்டு ரெண்டு நாளைக்கு உப்பில்லாத ரசம் வைத்தாள். நான் தின்றேன்.

தை மாசத்தில் சண்டைப் படம். சண்டைப் படம் என்றால் குதிரை வேண்டும், கத்தி வேண்டும், வில்லன் கோட்டைச் சுவரிலிருந்து குப்புற விழ வேண்டும். இதில் கதாநாயகன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அவனும் இன்னொருத்தனுமாக ஒரு காயம்பட்ட சிப்பாயை ஸ்ட்ரெச்சரில் வைத்துப் பனி மூடின மலையிலிருந்து நாள் பூராவும் இறக்குகிறார்கள். அந்தச் சிப்பாய் இவர்களுக்குத் தெரியாத பாஷையில் பேசிக்கொண்டே வருகிறான். அடிவாரத்துக்கு வந்து பார்த்தால் செத்துப்போயிருக்கிறான். அதற்கப்புறமும் இன்னும் ரெண்டு மைல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஏலே, எதுக்கு? செத்தவனைத் தூக்குறதுல என்னலே கதை இருக்கு? நான் இதை வெற்றிலைக் கடையில் வைத்துச் சொன்னபோது, யாகூப் பாக்கை மென்றுகொண்டே, "அண்ணாச்சி, இந்தப் படத்தை நம்ம கொட்டகையில போட்டா தரை டிக்கெட்டுக்காரன் திரையைக் கிழிச்சிருவான்" என்றான். தொழில் தெரிந்தவன் சொல்லுகிறான், கேட்டுக்கொள். அக்கா என்னடாவென்றால் மறுநாளே பஸ் ஏறி வந்து, "செத்த பையன் பேரு போட்டிருக்கா தம்பி? திரும்ப ஒருக்கா வாசி" என்று நிற்கிறாள். சினிமாவில் செத்தவனுக்குப் பேர் கேட்டு ஒன்பது மைல்!

மாசியில் வந்தது ஹாஸ்யப் படம். "மாமா, இதைப் படித்து எல்லாரும் சிரிக்க வேண்டும்" என்று வேறு எழுதியிருந்தாய். சோத்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு உறைந்த ஆற்றைத் தாண்டப்போன ஒரு ஸ்ட்ரெச்சர்காரன், பனிக்கட்டி உடைந்து அண்டாவோடு உள்ளே விழுகிறான். வெளியே இழுத்துப் போட்டு, உடம்பு விறைக்காமல் இருக்க அவனை அடித்து அடித்து ஓட விடுகிறார்கள். அதுவரைக்கும் சரி, நானும் சிரித்தேன். அப்புறம் குளிரில் விறைத்துப்போன ரெண்டு விரலை டாக்டர் வெட்டி எடுத்துவிடுகிறார். அது என்னடே ஹாஸ்யம்? விரல் போனால் எவன் சிரிப்பான்? உன் அத்தை சிரிக்கவில்லை. "எந்தக் கையி?" என்று ஒரே கேள்வி. "அடியே, அது படம்ட்டி" என்கிறேன், "எந்தக் கையின்னு எழுதலையா?" என்கிறாள். நான் கச்சேரிக்குப் போன நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போய், வெள்ளியில் விரல் உரு ரெண்டு வாங்கி அம்பாள் உண்டியலில் போட்டுவிட்டு, நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஊரார் பிள்ளை வரத்துக்கும் பாம்புக்கடிக்கும் நேர்ந்துகொள்கிற சந்நிதியில், என் பெண்டாட்டி சினிமாக் கோமாளிக்கு வெள்ளி விரல் சாத்தியிருக்கிறாள். குருக்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கொரியாவிலே அந்த விரல் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார். எனக்கு மானம் போகிறது.

ஆடித் தபசுக்கு முந்தின வாரம் வந்த பேய்ப் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊர் பூரா காலி, வீட்டுக்கு வீடு கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கிறது, ஒரு சனத்தையும் காணோம். நானும் இதோ வருது, இதோ வருது என்று குரலைத் தாழ்த்தி வாசிக்கிறேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரைக்கும் பேய் வரவில்லை! ஒரே ஒரு ஆள் மட்டும் காலையில் வந்து, ஒருத்தரும் இல்லாத தெருவைப் பெருக்கிவிட்டுப் போகிறானாம், ஸ்ட்ரெச்சர்காரன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். பேய் இல்லாமல் பேய்ப் படம் எடுக்கிற தேசத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். காதல் படத்திலும் ஸ்ட்ரெச்சர்காரன், சண்டைப் படத்திலும் ஸ்ட்ரெச்சர்காரன், அண்டாவோடு விழுந்தவனும் அவனே, தெருவில் நிற்கிறவனும் அவனே. அந்த ஊரில் வேறு நடிகன் கிடையாதா? ஒரு ராஜா வேஷம், ஒரு மைனர் வேஷம் போட ஆள் இல்லையா? இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, சண்முகசுந்தரி. "அப்பா, எல்லாப் படத்திலயும் ஒரே ஆளுதான் வாரான்" என்றாள். சரியாச் சொன்னே மக்களே, மூஞ்சி மாறாத நடிகன் உருப்பட மாட்டான் என்றேன். அவள் கடுதாசியை வாங்கி மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

இப்படியாகப் பத்து மாசமாக நல்ல செய்தி ஒன்று எழுதாமல், சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி என்று ஒரு வரி இல்லாமல், கண்ட படத்தையும் எழுதி ரெண்டு வீட்டுப் பெண்களையும் அழ வைத்ததற்காக, பெண் தருவதாக நான் உன் அம்மாவுக்குக் கொடுத்திருந்த வாக்கை இதன் மூலம் ரத்துச் செய்கிறேன். இதில் உனக்கோ உன் பின்னிட்ட வாரிசுகளுக்கோ யாதொரு ஆட்சேபமும் சொல்லப் பாத்தியம் இல்லை. மற்றபடி உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அங்கே குளிர் ஜாஸ்தி என்று பேப்பரில் போட்டிருக்கிறான். கம்பளியைப் போர்த்திக்கொள். தலைக்கு எண்ணெய் வை. சங்கரலிங்கமும் கோமதியம்மனும் உன்னைத் தீர்க்காயுசாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
சங்கரநயினார்.

பி.கு.: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் வாசலில் "அண்ணாச்சி" என்று குரல் கேட்டது. திருவேங்கடத்து ஏசுவடியான். தில்லையோடு ஒரே படையில் இருந்தேன், கணக்கு முடித்து ஊருக்கு வந்துவிட்டேன், தில்லை உங்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னான் என்றான். உன் அத்தை காபி கொடுத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏம்ப்பா, அங்கன தியேட்டர்ல தரை டிக்கெட் உண்டா, பெஞ்சுதானா?" என்று கேட்டேன். "தியேட்டரா?" என்றான். "நாங்க இருந்த பக்கத்துல கூரையோட நின்ன வீடே நாலஞ்சுதான் அண்ணாச்சி."

சண்முகசுந்தரி உன் கடுதாசி எல்லாத்தையும் கொண்டாந்து அவன்கிட்ட கொடுத்தா. ஒவ்வொண்ணா வாசிச்சான். ரயிலடியில தண்ணி கொடுத்தப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன்னான். அந்த மலையிலேர்ந்து இறக்கினது நாங்க ரெண்டு பேருதான்னான். அண்டாக் கதையை வாசிச்சிட்டு, கடுதாசியைத் திருப்பிப் பாத்தான். "விழுந்தது யாருன்னு எழுதலையா? நான்தான் தலைமுடியைப் புடிச்சு இழுத்தேன்" என்றான். நடந்ததை அப்படியே எழுதினா ஆபீசர் மை பூசி அழிச்சிருவாராம். அதைவிட, எந்தக் கடுதாசியும் மாமா ஊரைக் கூட்டித்தான் வாசிப்பாங்க, அம்மா காதுல விழுந்தா தாங்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் படம் படமா எழுதினியாம். ஸ்டோர் ரூம் வேலையின்னதும் பொய்தானாமே.

உன் அத்தை அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. இடது கைன்னு சொன்னான். அவ என்னை ஒரு வார்த்தை ஏசலை. ஏசியிருக்கலாம்.

சண்முகசுந்தரி ரெண்டாவது படத்துலயே கண்டுக்கிட்டாளாம். ஏட்டி, எங்கிட்டச் சொன்னா என்னன்னு கேட்டேன். "நீங்க நல்லாயில்லை, நல்லாயில்லைன்னு சத்தம் போட்டதாலதான்ப்பா மேலநீலிதநல்லூர் அத்தை அதைப் படம்னு நம்பினாக" என்கிறாள். சிவகிரிக்காரங்களுக்கு வர வேண்டாம்னு கார்டு போட்டாச்சு. மேலே கண்ட ஷரத்து எல்லாம் செல்லாது. இந்தக் கடுதாசியைக் கிழிக்கத்தான் எடுத்தேன், அவதான் பிடுங்கிக்கிட்டா. "அத்தான் வாசிச்சுச் சிரிக்கட்டும்" என்றாள்.

அக்காவுக்கு இன்னும் தெரியாது, என் வாயால வராது. அதனால அடுத்த மாசமும் ஒரு படம் எழுதி அனுப்பு மக்கா, நான் உட்கார வச்சு வாசிக்கேன். சண்டை வை, பேய் வை, பாட்டு இல்லாட்டியும் போகுது, நான் ஒரு குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஸ்ட்ரெச்சர்காரன் தைக்குள்ள வீடு வந்து சேந்திரணும்.