உங்கள் மின்தொட்டிலும் என் ஒட்டுப்போர்வையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் அவளுடைய இரண்டு தையல் மிஷின்களும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் மின்சாமான் கடையும் தங்கள் இடது முழங்காலும் அவ்வாறே ஓடிக்கொண்டிருப்பதாக நம்புகிறேன். நம் பேத்தி நன்றாகத் தூங்குகிறாள். எதன் மேல் தூங்குகிறாள் என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் தாங்கள் நடுவில் புகுந்து பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி தங்களுக்கு இல்லை.

தாங்கள் அனுப்பிய மின்தொட்டில் மகள் வீட்டில் வந்து இறங்கிய அன்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆடுகிறது, இன்னொன்றை அழுத்தினால் பாடுகிறது, மூன்றாவதை அழுத்தினால் கூரையில் நட்சத்திரம் காட்டுகிறது. குழந்தை பிறக்க இன்னும் நாள் இருந்ததால், மாப்பிள்ளை ஒரு தர்பூசணியைப் படுக்கப்போட்டு ஆட்டிப் பார்த்தார். அப்போது தாங்கள் போனில், அதுவும் ஸ்பீக்கரில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது நினைவிருக்கும். “சம்பந்தி, நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. குழந்தைக்கு என்ன வேணுமோ எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க, போதும்.” நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் கிடங்குக் காப்பாளராக இருந்து, என் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை நகராத காலத்தைப் பார்த்துவிட்டு, இப்போது வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது சுருக்கென்றது. ‘நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்பதை விட ஓய்வு பெற்றவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை வேறு இல்லை. வீடு திரும்பும் வழியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அன்றைக்கே முடிவு கட்டினேன்: பிறக்கப்போவது பேரனோ பேத்தியோ, அது கண்ணயர்வது என் கையால் செய்த ஒன்றின் மேல்தான்; தொட்டிலா நானா, பார்த்துவிடுவோம்.

என்ன செய்வது என்று யோசித்ததில் ஒட்டுப்போர்வை என்று தோன்றியது. துணிக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. என் மனைவி எங்கள் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. வெட்டியது போக மிஞ்சும் துணியை அவள் எறியவே மாட்டாள். மேஜைக்கு அடியில், அலமாரிக்கு மேல், கதவுக்குப் பின்னால் என்று கோணி கோணியாக அடைத்து வைத்திருப்பாள். ஓய்வு பெற்ற கையோடு, அந்தக் குழப்பத்தைக் காணச் சகிக்காமல், அவள் வெளியே போன நேரம் பார்த்து, அறையில் இருந்த துணி அத்தனையையும் கொட்டி நிறவாரியாகப் பிரித்து அடுக்கினேன். சிவப்பு ஓர் அடுக்கு, மஞ்சள் ஓர் அடுக்கு, நீலம் ஓர் அடுக்கு. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, கை மறக்குமா? அவள் திரும்பி வந்து பார்த்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், வெகுநேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போர்வை என்றதும் தாங்கள் லேசாக நினைத்துவிட வேண்டாம். துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து வரிசையாகத் தைத்து, வரிசையோடு வரிசையைத் தைத்து, அடியில் பஞ்சை மெல்லிசாக விரித்து, அதற்கும் அடியில் இன்னொரு துணியை வைத்து, எல்லாவற்றையும் பிடித்து மறுபடி தைக்க வேண்டும். சதுரம் எல்லாம் ஒரே அளவாக வர வேண்டுமே என்று, முதலில் அட்டையில் ஓர் அளவு வெட்டிக்கொள்ள மேஜை மேல் இருந்த பெரிய கத்தரியை எடுத்தேன். துணி வெட்டும் கத்தரியால் அட்டை வெட்டினால் அதன் கூர் போய்விடும், அப்படி வெட்டுவது தையல்காரர்கள் வீட்டில் மன்னிக்க முடியாத குற்றம் என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம். அவள் சமையலறையில் இருந்தாள். அங்கிருந்தே குரல் வந்தது.

“என்ன வெட்டுறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததை வெட்டுனா அட்டைச் சத்தம் ஏன் வருது?”

கத்தரி சாணை பிடிக்கப் போனது. அது திரும்பி வரும்வரை வீட்டில் பேச்சுவார்த்தையும் இல்லை, வெட்டும் வேலையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் சம்பந்தி, வாழ்க்கையின் முதல் பாடத்தைக் கற்றேன். எந்தக் கத்தரி எதற்கோ அதற்குத்தான் அது. கைக்குக் கிடைத்தது என்று எல்லாவற்றிலும் நுழைக்கக் கூடாது. மின்சாமான் விற்பவர்கள் குழந்தை வளர்ப்பில் நுழையலாமா என்று நான் கேட்கவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

பிறகு தைக்க உட்கார்ந்தேன். மிஷின் முதலில் பின்பக்கமாக ஓடியது, பிறகு ஓடவே இல்லை, பிறகு ஓடியது நிற்கவில்லை. நூல் அறுந்தால் ஊசியில் மறுபடி கோக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் என் மனைவி ஒரு ஜாக்கெட்டை முடித்துவிடுவாள். ஆனாலும் விடவில்லை. ஒருநாள் குனிந்த தலை நிமிராமல் ஐந்தாறு சதுரங்களை ஒரே மூச்சில் தைத்து முடித்த நேரம், அளவு கொடுக்க ஒரு கல்லூரி ஆசிரியை உள்ளே வந்தார். மரியாதைக்கு எழுந்து நின்றேன். போர்வையும் என்னோடு எழுந்து நின்றது. சட்டையின் முன்பக்கத்தையும் சேர்த்து இரட்டைத் தையலாகப் போட்டிருக்கிறேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது புது மாடலா சார்?” என்று கேட்டார். என் மனைவி முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், “இன்னும் ட்ரயல்ல இருக்கு மேடம்” என்றாள். செய்யும் வேலையோடு ஒட்டிப்போக வேண்டும் என்று எங்கள் பெரிய அதிகாரி அடிக்கடி சொல்வார். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஒருவழியாகப் போர்வை முடிந்தது. பட்டுத் துண்டு, பருத்தித் துண்டு, பளபளக்கும் நைலான் துண்டு, பாவாடை லைனிங் என்று சகலமும் அதில் இருந்தன. சுவரில் மாட்டித் தூரத்தில் நின்று பார்த்தேன். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. மகள் மட்டும், “குழந்தைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை துவைச்சிடுங்கப்பா” என்றாள். துவைத்தேன். அதோடு தீர்ந்தது கதை. பருத்தி சுருங்கியது, நைலான் சுருங்க மாட்டேன் என்று புடைத்துக்கொண்டு நின்றது, சிவப்பு தன் சாயத்தை அக்கம்பக்கத்துக்கெல்லாம் தாராளமாக வழங்கிவிட்டது. கொடியில் தொங்கியதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை மிகவும் பதமாக, “மாமா, இது மிதியடிங்களா?” என்றார். தங்கள் பிள்ளை நல்ல பிள்ளை. மனது புண்படக் கூடாது என்றுதான் ‘ங்களா’ போட்டார்.

உங்களிடம் மறைப்பானேன், அன்று எனக்கு வெறுத்துவிட்டது. குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆசீர்வாதம் பண்ணத்தான் நாம் லாயக்கு என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி வந்து, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை என் கையில் திணித்தாள்.

“கிடங்குல ஒரு லோடு தப்பா இறங்கினா வேலையை விட்டுட்டா வீட்டுக்கு வந்தீங்க?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? பிரிங்க.”

பிரித்தேன். தைத்ததை விடப் பிரித்ததுதான் அதிகம். அப்போது பிறந்தது இன்னொரு ஞானம். சேர்த்துத் தைக்கப் போகிற துணிகளைத் தைப்பதற்கு முன்பே தனித்தனியாக நனைத்துப் பார்த்துவிட வேண்டும்; எது எவ்வளவு சுருங்கும், எது சாயம் விடும் என்று அப்போதே தெரிந்துவிடும். நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சின்போது உங்களையும் என்னையும் யாராவது அப்படி நனைத்துப் பார்த்திருந்தால், மண்டபம் பிடிப்பதில் அவ்வளவு தகராறு வந்திருக்காது.

இரண்டாம் முறை புதுத்துணியைத் தொடவே இல்லை. ஏற்கெனவே நன்றாகத் துவைத்து அடங்கிய பழைய பருத்தியாகப் பார்த்துப் பொறுக்கினேன். நடுச் சதுரம்தான் சவாலாக இருந்தது, ஏனென்றால் குழந்தையின் கன்னம் படப்போவது அங்கேதான். அடுக்கு அடுக்காகக் கலைத்துப் பார்த்ததில், நீல அடுக்கின் அடியில் ஒன்று அகப்பட்டது. வெளிர் நீலம், மெல்லிய கோடு, உடுத்தி உடுத்தி வெண்ணெய் போலாகிவிட்ட துணி. யாரோ வேண்டாம் என்று விட்டுப்போனது. விட்டுப்போனவர் யாராயிருந்தாலும் நல்ல ரசனைக்காரர் என்று மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே வெட்டினேன். கடையில் பளபளவென்று இருப்பதெல்லாம் பகட்டுக்கு. நாள்பட்ட துணிதான் உறவு கொண்டாடும் சம்பந்தி. இதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

பேத்தி பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்ததும் சகல மரியாதையோடு உங்கள் தொட்டிலில்தான் கிடத்தினார்கள். போர்வையை ஒரு பையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அழுதாள். ஆடவிட்டார்கள், இன்னும் அழுதாள். பாட்டுப் போட்டார்கள், பாட்டை மிஞ்சி அழுதாள். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி நட்சத்திரம் காட்டினார்கள், நீலம் பாரித்து அழுதாள். மாப்பிள்ளை விளக்கப் புத்தகத்தைப் புரட்டினார். தூக்கிச் சுமந்து களைத்துப்போன என் மகள் கடைசியில் என் பக்கம் திரும்பி, “அப்பா, நீங்களாவது ஏதாவது பண்ணுங்கப்பா” என்றாள். ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் உதவி. எழுந்தேன். போர்வையை மெத்தை மேல் விரித்தேன். குழந்தையை வாங்கி, கன்னம் நடுச் சதுரத்தில் படும்படி கிடத்தினேன். இரண்டு விசும்பல். பிறகு அந்த நீலத்தைப் பிஞ்சுக் கையால் ஒரு பிடி பிடித்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், தூங்கிப்போனாள். அறையே என்னைப் பார்த்தது. நான் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்தப் போர்வை இல்லாமல் அவளுக்குத் தூக்கமே கிடையாது. துவைத்துக் காய்கிறவரை வீடே கொடியடியில் காத்து நிற்கிறது. உங்கள் தொட்டிலும் வீண்போகவில்லை. மடித்த துணிகளை அதில்தான் வைக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் துணிகள் ஆனந்தமாக ஆடுகின்றன.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் முழங்கால் நினைத்தபோது மடங்கி நினைத்தபோது நீளட்டும், உங்கள் கடை மேலும் மேலும் விற்கட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். ஆசீர்வாதம் பண்ணினால் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

இப்படிக்கு,
நம் பேத்தியைத் தூங்க வைத்த
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி இதை வாங்கிப் படித்தாள். மண்டபத் தகராறு வரை சிரித்தாள். நடுச் சதுரம் வந்ததும் சிரிப்பு நின்றது. “அந்த நீலத் துணி முழுத் துணியா, துண்டா?” என்று கேட்டாள். “முழுசுதான். காலர் நைஞ்ச பழைய சட்டை” என்றேன். “கையில முழங்கைக்கிட்ட இங்க் கறை இருந்துச்சா?” என்றாள். இருந்தது. என் ஓய்வு விழாவுக்கு நீங்கள் வந்தபோது, கை நீளத்தைக் குறைத்துத் தரச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களாமே? “எத்தனை சட்டை இருந்தாலும் கடையில உக்கார இதுதான்மா எனக்கு வசதி” என்று வேறு சொன்னீர்களாமே? நான் நிறவாரியாக அடுக்கிய நாளிலிருந்து அதைக் காணாமல் அவள் அறையெல்லாம் துழாவிக்கொண்டிருக்கிறாள், உங்களிடம் ‘இதோ, அதோ’ என்று சாக்குச் சொல்லிக்கொண்டும் இருக்கிறாள்.

என்னால் நம்ப முடியவில்லை. உடனே மகள் வீட்டுக்குப் போய், போர்வையை நகர்த்திப் போட்டு, குழந்தையின் கன்னம் மஞ்சள் சதுரத்தில் படும்படி கிடத்தினேன். ஊரைக் கூட்டினாள். பச்சையில் வைத்தேன், கத்தினாள். மறுபடி நீலத்துக்கே கொண்டுவந்தேன். ஒரு பெருமூச்சு, தூக்கம். ஆக, இத்தனை நாளும் அவள் தூங்கியது உங்கள் நெஞ்சின் மேல்தான் சம்பந்தி. அந்தச் சட்டையின் கைகள் இரண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்டதை விடச் சற்று அதிகமாகவே குறைந்திருக்கும், மன்னிக்கவும்.

இன்னொன்று. பேத்தி மளமளவென்று வளர்கிறாள், போர்வையைச் சீக்கிரம் பெரிதாக்க வேண்டும். உங்களிடம் இதே போல் நைந்த சட்டைகள் வேறு இருந்தால் தயவுசெய்து எல்லாவற்றையும் அனுப்பி வைக்கவும். தைத்தது நான்தான் என்பதை மட்டும் போனில், ஸ்பீக்கரில், எல்லோர் காதிலும் விழும்படி ஒருமுறை சொல்லிவிடுங்கள்.